சத்தமே போடாத இசைப்பொருள்: கண்டக்டர்களின் குச்சியை மியூசியத்தில் வைப்பது எதற்கு?

ஏழாம்வரிசை (இழையைத் தொடங்கியவர்)

வியன்னாவில் ஹவுஸ் தெர் மூசிக் என்ற இசை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. இங்கே கொட்டிவிடுகிறேன்.

அந்தக் கட்டடத்தில்தான் ஒட்டோ நிக்கோலாய் குடியிருந்தார். 1842-இல் வியன்னா பில்ஹார்மோனிக்கைத் தொடங்கியவர். இப்போது அந்த ஆர்கெஸ்ட்ராவின் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பழைய ஆவணங்கள், ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர்கள் தாளம் காட்டக் கையில் பிடித்த குச்சிகளான பேட்டன்கள், எல்லாம் கண்ணாடிக்குள். கொஞ்ச நேரம் ஓரமாக நின்று வருகிறவர்களைக் கவனித்தேன். பேட்டன் முன்னால் யாரும் நிற்கவில்லை. பார்த்தார்கள், 'ஓ, குச்சி' என்று முகம் சொன்னது, நகர்ந்துவிட்டார்கள். அதே ஆட்கள் இன்னொரு இடத்தில் மின்னணுப் பேட்டனைப் பிடித்துத் திரையில் தெரியும் ஆர்கெஸ்ட்ராவை நடத்த வரிசையில் நின்றார்கள். நானும் நடத்தினேன். தாளம் தள்ளாடியதும் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைத் திட்டினார்கள்.

வயலின் என்றால் புரிகிறது. நூறு வருஷம் பெட்டியில் கிடந்தாலும் என்றாவது ஒருவர் எடுத்து வாசித்தால் அதன் குரல் வந்துவிடும். பேட்டனை எடுத்து வீசினால் காற்றுதான் வரும். அப்படியிருக்க எதைப் பாதுகாக்கிறார்கள்?

டபுள்விசில்

கண்டக்டர்னதும் டிக்கெட் பை, விசில் எல்லாம் வச்சிருப்பாங்கன்னு ஓடி வந்தேன். ஏமாத்திட்டீங்களே தலைவா.

ஏழாம்வரிசை

'நடத்துநர்'னு தமிழ்ல போட்டிருந்தா இன்னும் நாலு பேர் வந்திருப்பீங்க. உக்காருங்க, டிக்கெட் இல்ல.

பழையசாமான்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிரபலம் தொட்ட பொருள். செருப்பு, மூக்குக்கண்ணாடி, பேனா என்று ஒரு வரிசை இருக்கிறதல்லவா, அதில் குச்சியும் ஒன்று. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இது அதன் மறுபக்கம்: ஆடத் தெரிந்தவள் ஆடிய கூடம் என்று தரையைப் பெயர்த்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். கெர்கியேவ் பல்குத்தும் குச்சி அளவு ஒன்றை வைத்துக்கொண்டு நடத்துவார். ஸ்டொகோவ்ஸ்கி ஒரு கட்டத்துக்குப் பிறகு வெறுங்கை. பூலேஸும் வெறுங்கை. அவர்களுக்கு எல்லாம் மியூசியத்தில் எதை வைப்பீர்கள், கையை வெட்டியா?

பென்சில்குறி

பழையசாமான் சார், 'சத்தம் போடாது' என்கிற இடத்திலேயே ஒரு சின்னத் திருத்தம். முதலில் அது சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. பிரெஞ்சு அரசவையில் இசையமைப்பாளர் லுல்லி பிடித்தது மெல்லிய குச்சி அல்ல, ஊன்றுகோல் மாதிரி கனத்த தடி. அதைத் தரையில் இடித்துத் தாளம் காட்டுவார். அறுவைச் சிகிச்சையிலிருந்து பதினான்காம் லூயி தேறியதைக் கொண்டாட 1687 ஜனவரி 8-இல் தன் 'டே தேயும்' பாடலை நடத்தும்போது அந்தத் தடி காலில் இறங்கியது. புண் அழுகி மார்ச் 22-இல் ஆளே போய்விட்டார்.

லேசான குச்சி பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1820-இல் லண்டன் பில்ஹார்மோனிக் சங்கத்தில் தான் பையிலிருந்து குச்சியை எடுத்ததும் எல்லோரும் திடுக்கிட்டார்கள் என்று ஜெர்மன் இசையமைப்பாளர் லூயி ஷ்போர் சுயசரிதையில் எழுதுகிறார். ஆராய்ச்சியாளர்கள் அதை முழுசாக நம்புவதில்லை, ஒத்திகையில் வேண்டுமானால் பிடித்திருக்கலாம் என்கிறார்கள். நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் சரித்திரத்தில் கொஞ்சம் மசாலா சேரத்தானே செய்யும்.

எனக்குப் பிடித்தது 1843. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் ஜெர்மனியின் லைப்சிக் போகிறார், மெண்டல்ஸோன் அங்கே கண்டக்டர். இரண்டு பேரும் பேட்டனை மாற்றிக்கொள்கிறார்கள். மெண்டல்ஸோனுடையது திமிங்கல எலும்பில் செய்து வெள்ளைத் தோல் போர்த்திய மெல்லிய குச்சி. பெர்லியோஸுடையது முரட்டுக் கட்டை. அதோடு ஒரு கடிதமும் அனுப்பினார், அமெரிக்கப் பழங்குடித் தலைவன் இன்னொரு தலைவனுக்குக் கோடரி கொடுத்து எழுதுகிற பாணியில்: என்னுடையது முரடு, உன்னுடையது எளிமை, பூவேலை செய்த ஆயுதம் நமக்கெதற்கு என்கிற தொனி. இரண்டு இசைக்காரர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று அந்த இரண்டு குச்சிகளே சொல்லிவிடுகின்றன. செருப்பும் மூக்குக்கண்ணாடியும் அவ்வளவு சொல்லுமா?

நூலாம்படை

நான் பொருள் பாதுகாப்பு வேலையில் இருப்பவள். பேட்டன் நிறைய வராது, வந்தவற்றைக் கையாண்டிருக்கிறேன். கேள்விக்குப் போகும் முன் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாம் இரண்டு வேறு பொருளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

பேட்டனில் இரண்டு சாதி. ஒன்று பரிசுப் பேட்டன். விக்டோரியா காலத்தில் இது ஒரு வழக்கமாகவே இருந்தது: கருங்காலி, தந்தம், வெள்ளிப் பூண், பூணில் பெயர் வெட்டிய எழுத்து, உள்ளே வெல்வெட் வைத்த பெட்டி. எடை பார்த்தால் ஒரு சிம்பொனி முடிவதற்குள் மணிக்கட்டு கழன்றுவிடும். அதை யாரும் வீசவில்லை. கொடுத்த நாளில் கையில் வாங்கி, தலை குனிந்து, பெட்டியில் வைத்ததோடு சரி. மியூசியங்களுக்கு எளிதாக வந்து சேருவது இதுதான், ஏனென்றால் குடும்பம் இதைத் தூக்கிப் போடாது.

இன்னொன்று வேலை செய்த பேட்டன். இது வருவதே அபூர்வம். உடைந்தால் குப்பை, உடையாவிட்டால் டிராயர்.

ஒருமுறை ஒரு பழைய சுருட்டுப் பெட்டியில் வந்தது. யாருடையது என்பதை விடுங்கள், பொருளைச் சொல்கிறேன். தண்டு வெள்ளைப் பெயிண்ட், நுனியிலிருந்து இரண்டு விரல்கடைக்குப் பெயிண்ட் உதிர்ந்து மரம் தெரிந்தது. உதிர்ந்த இடம் சுற்றிலும் இல்லை, ஒரு பக்கம் மட்டும். நோட்டு வைக்கும் ஸ்டாண்டின் விளிம்பில் தட்டித் தட்டி வாசிப்பை நிறுத்திய பக்கம். கார்க் கைப்பிடியில் கட்டைவிரல் பதிந்த பள்ளம், எதிர்ப்புறம் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுப் பள்ளம். அந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் கார்க் கறுத்துப் பளபளத்தது, வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஏறி. கையுறை போட்ட என் விரலை அந்தப் பள்ளத்தின் மேல் கொண்டு போனேன், பொருந்தவில்லை. அவருக்குப் பெரிய கை.

ஏழாம்வரிசை, உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தப் பள்ளம்தான்.

பழையசாமான்

சரி, அந்தப் பள்ளத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களே சொல்கிறீர்கள், மியூசியத்தில் பெரும்பாலும் இருப்பது வெள்ளிப் பூண் போட்ட பொம்மை என்று. அப்ப என் கட்சி பாதி ஜெயித்தது.

டபுள்விசில்

பாதி டிக்கெட் போட்டுக்கலாம் சார்.

பென்சில்குறி

பரிசுப் பேட்டனையும் அப்படி ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். 1858-இல் சூரிக்கில், தன்னை ஆதரித்த வணிகர் வேசெண்டோங்க் வீட்டில் ஒரு கச்சேரியை இசையமைப்பாளர் வாக்னர் நடத்துகிறார். அங்கே அவருக்குத் தந்தத்தில் செதுக்கிய ஒரு பேட்டன் தருகிறார்கள். வடிவமைத்தவர் காட்ஃப்ரீட் செம்பர், டிரெஸ்டன் ஆபெரா ஹவுஸைக் கட்டிய அதே செம்பர். நாடு கடந்து கடனில் கிடந்தவனுக்குச் செங்கோல் கொடுத்த மாதிரி. வீசிப் பார்த்தாரோ இல்லையோ, கொடுத்ததே சேதி. கண்டக்டர் என்கிற வேலை எப்போது கூலியிலிருந்து பட்டமாக மாறியது என்பதை அந்த மாதிரிப் பொருள்கள்தான் காட்டும்.

அதன் உச்சம் ஜூலியன். லண்டனில் கூட்டம் சேர்த்தவர். பீத்தோவன் என்றால் மட்டும் தனியாக நகை பதித்த பேட்டன், வெள்ளித் தட்டில் புதுக் கையுறை, எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டு ஆரம்பிப்பார். பீத்தோவனுக்குப் பூஜை மாதிரி.

ரோசின்தூள்

செல்லோ வாசிக்கிறவன் பேசறேன். நீங்க எல்லாம் பேட்டனை மேல இருந்து பாக்கறீங்க, கண்ணாடிக்குள்ள படுத்துக் கிடக்கறதை. நாங்க அதைக் கீழ இருந்து, ஓரக்கண்ணுல பாக்கறோம். கண்ணு நோட்டுலதான் இருக்கும். பார்வையோட மேல் விளிம்புல ஒரு வெள்ளைக் கோடு ஆடும். அது கீழ வந்து ஒரு புள்ளியில தட்டும் பாருங்க, அந்தத் தட்டு தெளிவா இருந்தா எண்பது பேரும் ஒண்ணா விழுவோம்.

அதனாலதான் தண்டு வெள்ளை. பின்னாடி அவரோட கறுப்புக் கோட்டு, முன்னாடி வெள்ளைக் குச்சி. அந்தக் கருங்காலிப் பேட்டனை மேடையில பிடிச்சா எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. லண்டன் ப்ராம்ஸ்ங்கற கோடைக்காலக் கச்சேரித் தொடரை 1895-லேர்ந்து நடத்தின ஹென்றி வுட் இதை எல்லாம் கணக்குப் போட்டு எழுதியே வச்சிருக்கார்: மொத்த நீளம் 24 அங்குலம், எடை ஒரு அவுன்ஸுக்குக் கொஞ்சம் கம்மி, பாப்ளர் மரம், வெள்ளைப் பெயிண்ட், கார்க் கைப்பிடி. ஒரே மாதிரி டஜன் கணக்குல வாங்குவார். அவருக்கு அது பென்சில் மாதிரி.

ஜெர்மன் கண்டக்டர் ஃபுர்ட்வெங்லரோட கோல் மட்டும் வேற கதை. மேல இருந்து நடுங்கிக்கிட்டே இறங்குமாம், எந்த இடத்துல தட்டு விழுந்ததுன்னு யாருக்கும் தெரியாது, ஆனா அந்தச் சத்தம்! இப்ப அவர் குச்சியை நேரா படுக்க வச்சா அந்த நடுக்கம் எங்க தெரியும்?

ஏழாம்வரிசை

'மியூசியத்தில் வைத்த நிமிஷமே அது பேட்டன் இல்லை' என்று சொல்ல வருகிறீர்களா?

ரோசின்தூள்

அவ்வளவு தூரம் போகல. பக்கத்துல அசைவைக் காட்டுங்கங்கறேன். நிகிஷ் நடத்தற ஊமைப்படம் ஒண்ணு இருக்கு. நாங்க உக்கார்ற பக்கத்துலேர்ந்து எடுத்தது, அவர் மட்டும் தெரிவார். விரல் நுனியிலதான் பிடிச்சிருப்பார், மணிக்கட்டு லேசா அசையும், கண்ணு நம்மளைப் பாக்கும். அதே நிகிஷ் 1913-ல பெர்லின் பில்ஹார்மோனிக்கோட பீத்தோவன் அஞ்சாம் சிம்பொனியை இசைத்தட்டுல பதிஞ்சார். படத்துல சத்தமில்ல, தட்டுல ஆளில்ல. நடுவுல ஒரு குச்சியை வச்சா மூணும் சேர்ந்து ஒரு ஆளு கிடைப்பார்.

மரச்சீப்பு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நூலாம்படை அக்கா, அந்தக் கார்க் அழுக்கைத் துடைத்தீர்களா, அப்படியே விட்டீர்களா? வியர்வை உப்பு பொருளை அரிக்கும் என்று படித்திருக்கிறேன்.

நூலாம்படை

விட்டுவிட்டேன். தளர்ந்த தூசியை மட்டும் மென்மையான தூரிகையால் எடுத்தோம், அதோடு நிறுத்தியாயிற்று. மேலே படிந்தது தூசி, உள்ளே ஏறியது அவர் கை. இரண்டுக்கும் ஒரே பெயர் 'அழுக்கு' என்றிருப்பது மொழியின் குறை. உப்பு பற்றி நீங்கள் சொல்வது சரி, பூண் ஏதாவது உலோகமாக இருந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன். இது வெறும் கார்க்.

குச்சி தானே என்று தோன்றும், ஆனால் பொருள்வகை ஒவ்வொன்றுக்கும் தனி வியாதி உண்டு. மெண்டல்ஸோனின் பேட்டன் மாதிரித் திமிங்கல எலும்பு என்கிறோமே, அது எலும்பே இல்லை. வாய்க்குள் சல்லடை மாதிரித் தொங்கும் தகடு. நம் நகமும் முடியும் எதுவோ அதே கெரட்டின். ஆகவே கம்பளியைத் தின்னும் பூச்சிக்கும் அந்துக்கும் அது விருந்து. வெள்ளைத் தோல் படிகாரத்தில் பதப்படுத்தியதாக இருந்தால் ஈரம் பட்டால் பதனே போய்விடும். தந்தம் ஈரப்பதம் ஏறி இறங்கினால் வளையும், நீளவாக்கில் விரிசல் விடும். மெல்லிய கோலாக இருப்பதால் இன்னும் சீக்கிரம். கலவைப் பொருளுக்கு ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி அலையாமல் இருக்க வேண்டும், தோல் மாதிரிப் பொருள் இருந்தால் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. உங்களுக்கு அந்த அறை இருட்டாகத் தெரிந்திருந்தால் காரணம் இதுதான்.

இன்னொன்று, பார்த்தால் தந்தம் போலவே இருக்கும், தந்தம் இருக்காது. செல்லுலாய்ட். தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டிப் போகும் மெல்லிய கோடுகள் தெரியும், செல்லுலாய்டில் வரி வரியாக நேராக ஓடும். பழையதாகும்போது அது அமில வாயு விடும். பக்கத்தில் இருக்கும் வெள்ளிப் பூணையும் கெடுக்கும், பெட்டியையும் கெடுக்கும். அதைத் தனியாகப் பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுவோம். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் புகைபிடிக்கிற மாதிரி.

பழையசாமான்

தந்தம் என்றதும் ஒன்று. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பதெல்லாம் போய், இன்றைக்கு விற்கவே முடியாது. பிரிட்டனின் 2018 தந்தச் சட்டம் இசைக்கருவிக்கு விலக்கு தருகிறது: 1975-க்கு முந்தியதாகவும் தந்தம் 20 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால் சரி. இப்ப சொல்லுங்கள், பேட்டன் இசைக்கருவியா? கேள்வி கேட்டவர் 'சத்தமே போடாது' என்று தலைப்பிலேயே வாக்குமூலம் கொடுத்துவிட்டார்.

பென்சில்குறி

அருமையான சிக்கல். அதே சட்டம் கருவியை வாசிக்க உதவும் வில், மீட்டும் துண்டு போன்றவற்றையும் கருவி என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. அப்படியானால் எண்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவை ஒரே கருவி என்று வைத்துக்கொண்டால் பேட்டன் அதன் வில்.

ரோசின்தூள்

எங்களை ஃபர்னிச்சர்னு சொல்லாம விட்டீங்களே, நன்றி.

நூலாம்படை

வாதம் அழகு, ஆனால் தேவைப்படாது. 1947-க்கு முந்தி, தந்தம் 10 சதவீதத்துக்குள் என்ற இன்னொரு விலக்கு இருக்கிறது. கருங்காலித் தண்டும் நுனியில் மட்டும் தந்தமும் என்றால் அதிலேயே போய்விடும். முழுத் தந்தக் கோல் என்றால் எந்த வாதமும் 20 சதவீதத்துக்குள் இறக்காது. 1918-க்கு முந்தியது, மிக உயர்ந்த கலை, வரலாற்று மதிப்பு உள்ளது என்று தனியாக நிரூபிக்க வேண்டும். தகுதிபெற்ற மியூசியம் வாங்கிச் சேர்ப்பதற்கு வழி இருக்கிறது.

கருவி வகைப்பாடு செய்யும்போதும் இதே திண்டாட்டம்தான். ஹார்ன்போஸ்டல், ஸாக்ஸ் இருவரும் 1914-இல் போட்ட முறை 'எது அதிர்கிறது' என்பதை வைத்துப் பிரிக்கிறது. பேட்டனில் எதுவும் அதிரவில்லை. லுல்லியின் தடிக்கு வேண்டுமானால் இடம் கிடைக்கும்.

டபுள்விசில்

லுல்லி காலும் அதிர்ந்துச்சே.

மரச்சீப்பு

எல்லாம் சரி, இது இன்னாருடைய பேட்டன்தான் என்று எப்படி நம்புகிறீர்கள்? ஒன்றுபோல டஜன் கணக்கில் வாங்கினார் என்கிறீர்கள். 1926 ஏப்ரல் 25, மிலானின் லா ஸ்காலா அரங்கில் 'துராந்தோத்' ஆபெராவின் முதல் அரங்கேற்றம். புச்சினி எழுதி முடிக்காமல் இறந்த இடம் வந்ததும் டோஸ்கனினி பேட்டனைக் கீழே வைத்துவிட்டு, மாஸ்டர் இத்தோடு நிறுத்தினார் என்று சொல்லி அன்றைக்கு முடித்துக்கொண்டார். நாளைக்கே ஒருவர் ஒரு குச்சியைக் கொண்டு வந்து 'அதுதான் இது' என்றால்?

நூலாம்படை

நம்ப மாட்டேன். கூட ஒரு கடிதம், அந்தக் காலத்துப் புகைப்படம், கைமாறிய வரிசை, ஏதாவது வேண்டும். அது இல்லாவிட்டால் அட்டையில் 'டோஸ்கனினியுடையதாகச் சொல்லப்படுவது' என்றுதான் எழுதுவோம். அவர் விஷயத்தில் ஒரு சின்ன உதவி உண்டு: கோபம் வந்தால் உடைத்துவிடுவார். முழுசாக இருந்தாலே கொஞ்சம் சந்தேகப்படலாம்.

(சும்மா சொன்னேன், யாரும் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்மாவில் அவர் பிறந்த வீடே மியூசியமாக இருக்கிறது, சண்டைக்கு வந்துவிடுவார்கள்.)

பென்சில்குறி

சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு பேட்டன் இருக்கிறது, ஆனால் யாரும் பார்க்க முடியாது. பெர்ன்ஸ்டைன் முதல் பல வருஷம் வெறுங்கையால் நடத்தியவர். 1950-களின் பிற்பகுதியில்தான் குச்சிக்கு வந்தார். பிறகு அவருக்குச் செய்து கொடுத்தது ரிச்சர்ட் ஹொரோவிட்ஸ், மெட்ரோபாலிட்டன் ஆபெராவில் டிம்பனி என்ற முரசு வாசித்தவர். 1990-இல் பெர்ன்ஸ்டைனைப் புரூக்ளினில் கிரீன்வுட் கல்லறையில் புதைத்தபோது மாலரின் ஐந்தாம் சிம்பொனி நோட்டோடு ஒரு பேட்டனையும் உள்ளே வைத்தார்கள்.

பழையசாமான்

இதைத்தான் மரியாதை என்பேன். அட்டை இல்லை, 50 லக்ஸ் இல்லை.

ரோசின்தூள்

சார், ஹென்றி வுட்டோட மார்பளவுச் சிலை தெரியுமா? வருஷம் முழுக்க ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்ல இருக்கும். ப்ராம்ஸ் வந்தா ஆல்பர்ட் ஹாலுக்குப் போயி எல்லாருக்கும் பின்னாடி நின்னு கேக்கும். கடைசி ராத்திரி மாலை போடுவாங்க, நெத்தி வியர்வையைத் துடைச்சுக்கூட விடுவாங்க. புதைக்கறது, பூட்டி வைக்கறது ரெண்டுக்கும் நடுவுல இப்படி ஒண்ணும் இருக்கு.

இப்ப இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன், சொல்லிடறேன். என் செல்லோ பெட்டியில ஒரு அரைப் பேட்டன் கிடக்கு. பேர் வேண்டாம், பெரிய ஆளு. ஒத்திகையில அவர் கையை இழுத்தப்ப நுனி முதல் வரிசை ஸ்டாண்டுல பட்டு முறிஞ்சு, சுத்திக்கிட்டே வந்து என் மடியில விழுந்துச்சு. அவர் நிறுத்தவே இல்ல, மிச்ச அரைக் குச்சியோட நடத்திட்டே போனார். இடைவேளையில மத்த பாதியைக் குப்பைக் கூடையில போட்டுட்டார், அதையும் எடுத்து வச்சேன். அக்கா, என்ன பண்ணணும்?

நூலாம்படை

ஒன்றும் பண்ணாதீர்கள், அதுதான் முக்கியம். அமிலமில்லாத தாளில் தளர்வாகச் சுற்றுங்கள். வில்லில் தேய்க்கும் ரோசின் துகள் ஒட்டாமல் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். குச்சியில் எதையும் எழுதாதீர்கள், தனித் துண்டுத் தாளில் பென்சிலால் தேதி, இடம், என்ன பாட்டு, எந்த வரியில் முறிந்தது, யார் யார் பார்த்தார்கள் என்று எழுதிக் கூடவே வையுங்கள். உங்கள் பெயரோடு.

ரோசின்தூள்

தேதி நினைவில்லாம நோட்டை எடுத்துப் பாத்தேன். முறிஞ்ச இடத்துல நானே பென்சில்ல ஒரு குச்சி படம் போட்டு தேதி எழுதியிருக்கேன்! இசையமைப்பாளர் பிராம்ஸோட நாலாவது சிம்பொனி, கடைசிப் பகுதி.

ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன் அக்கா. ரெண்டு பாதியையும் அப்பவே ஒட்டிட்டேன்.

நூலாம்படை

பிரிக்க முயற்சி செய்யாதீர்கள். எந்தப் பசை என்பதையும் தாளில் எழுதுங்கள்.